செவ்வாய்க்கிழமைத் தியானம்

லண்டனின் மிச்சம் பகுதியில் தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெர்னடெற்றிடம் ஏழு வயது அக்சயாவை ஒப்படைத்தபோது, தாய் சயந்தினி ஓர் அட்டவணையும் கொடுத்தாள். வயலின், பரதம், கணக்கு, சதுரங்கம், நீச்சல். சாப்பிடப் பதினைந்து நிமிடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை நீச்சல் வகுப்பு நடக்கவில்லை.

"இப்ப நான் என்ன செய்யவேணும்?" என்று அக்சயா பயத்தோடு கேட்டாள்.

"ஒண்டும் செய்யவேண்டாம்," என்றாள் பெர்னடெற்.

பிள்ளை சோபாவில் சுருண்டு உறங்கிவிட்டது.

அழைத்துப்போக வந்த சயந்தினிக்குக் கோபம் வந்தது. "என்னக்கா, சும்மா படுக்க விட்டிருக்கிறியள்?"

"சும்மா இல்லை தங்கச்சி, இது தியான வகுப்பு."

சயந்தினி குரலைத் தாழ்த்தினாள். "ஓமோ? இதுக்குச் சோதனை இருக்கோ?"

"வயலினுக்கு மாதிரி எட்டுக் கிரேட் இருக்கு."

அக்சயா முதலாம் கிரேட் தேறிவிட்டாள். இப்போது செவ்வாய்தோறும் பெர்னடெற் வீட்டில் ஐந்து பிள்ளைகள் குறட்டை விடுகிறார்கள். இடம் கேட்டு இன்னும் நான்கு தாய்மார் காத்திருக்கிறார்கள்.