உருட்டுவதா, தூக்குவதா

மாமனார் வீட்டில் மாடியறை, மாமனாரின் டைல்ஸ் கடையில் கிடங்குப் பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமையானால் மாமனாரோடு கோல்ஃப். வீட்டோடு மாப்பிள்ளைக்கு மூச்சு ஒன்றுதான் சொந்தம். அதையும் மாமா எதிரில் கொஞ்சம் அடக்கித்தான் விடுவார்.

வேறு ஊரில் ஒரு வேலை கிடைத்திருந்தது. நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"இன்னைக்கு ஜெயிச்ச கையோட கேட்டுடுங்க," என்று காலையில் மனைவி அவர் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள். "அப்பா மனசு குளிர்ந்திருக்கிற நேரம் பார்த்துக் கேட்டாத்தான் உண்டு."

கிளப்பின் ஜோடிப் போட்டியில் இருவருக்கும் ஒரே பந்து. மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவர் கெடுத்து வைத்ததை இன்னொருவர் கட்டிக்கொண்டு அழ வேண்டும்.

கடைசிக் குழி. எதிரணியான மரக்கடை அண்ணன் தம்பி முடித்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். இன்னும் இரண்டே அடியில் பந்து குழிக்குள் போனால் கோப்பை மாமாவுக்கு. முதல் அடி மாப்பிள்ளையுடையது. பந்து, குழியைச் சுற்றி வழவழவென்றிருக்கும் கிரீனுக்குச் சற்று வெளியே, ஒட்ட வெட்டிய புல்லில் கிடந்தது.

"சிப் பண்ணுங்க மாப்பிள்ள," என்றார் மாமா. "லேசா ஒரு தூக்கு. கிரீன்ல விழுந்து தானா உருண்டு போகும். வெளியில நின்னு பட்டரால உருட்டுறதெல்லாம் பயந்தாங்கொள்ளி வேலை."

சிப் என்றாலே மாப்பிள்ளைக்குக் கை விறைத்துவிடும். ஒன்று, மட்டை மண்ணைக் கொத்தும். இல்லையென்றால் பந்து பறந்து கிரீனுக்கு அந்தப் பக்கம் போய் விழும். தரையோ காய்ந்து இறுகிக் கிடந்தது. நடுவில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கண் இருக்கிற எவனும் இதை உருட்டத்தான் செய்வான்.

மாமா குரலைத் தாழ்த்தினார். "இதையும் கோட்டை விட்டீங்கன்னா என் தங்கச்சி பையனைப் பக்கத்துல வச்சுக்குவேன். ஆட்டத்துக்கும் சரி, கடைக்கும் சரி. நீங்க உங்க வழியப் பாத்துக்கலாம்."

அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. எந்தப் பெட்டியை எந்த அடுக்கில் வைப்பது என்பதுவரை ஒருவர் சொல்லிச் செய்தே பழகிய மனிதருக்கு, இந்த ஒரு பந்தையாவது தன் இஷ்டத்துக்கு அடிக்க வேண்டும் என்று வீம்பு வந்துவிட்டது. பையிலிருந்து உருட்டுகிற மட்டையான பட்டரை உருவினார். மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பந்து புல்லைக் கடந்து, கிரீனில் நிதானமாக ஓடி, குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மாமா கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். தட்டினார், விழுந்தது.

மாப்பிள்ளைக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் அவர் தன்னையே மெச்சிக்கொண்டார். அந்தச் சூட்டோடு ஆரம்பித்தார்.

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

மாமா அவரைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.

"நான் சொன்னதக் கேக்காம அடிச்சீங்க பாருங்க, அந்தத் துணிச்சலத்தான் உங்ககிட்ட இத்தனை வருஷமா எதிர்பார்த்தேன். இனிமே உங்களுக்குக் கிடங்குல என்ன வேலை? நாளைக்கே உங்க மேசைய என் ரூம்ல போடச் சொல்றேன். எனக்கப்புறம் கடை உங்களோடதுதான். என்னமோ சொல்ல வந்தீங்களே?"

மாமா சொன்னபடி சிப் பண்ணி மண்ணைக் கொத்தியிருந்தால், அவரே வழியனுப்பி வைத்திருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது. கிளப் வாசலில் நின்ற மனைவி, கேட்டாயிற்றா என்று தூரத்திலிருந்து சைகை காட்டினாள்.

"ஒண்ணுமில்ல மாமா," என்றார் மாப்பிள்ளை. "கடைசியா ஒண்ணு தட்டினீங்களே, பிரமாதம்."

மாமாவின் கை அவர் தோளைவிட்டு இறங்கவில்லை.