விழுந்தவரைத் தொடாத குடும்பம்

என் கணவர் வீட்டுப் பண்ணைக்கு வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் ஒரு அப்பாவின் எலும்பை முறித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருக்கிறது. கோபத்தில் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது, ஆனால் கூட்டவில்லை. கல்யாணமான புதிதில் என் மாமியாரே இதையெல்லாம் வெங்காயம் உரித்துக்கொண்டே பெருமையாகச் சொன்னார்.

முதல் ஆள் என் மாமனாரின் தாத்தா. முள்காடாகக் கிடந்த இடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களைத் தடியால் அடித்து விரட்டிவிட்டு வேலி போட்டவர். மழையை நம்பிச் சோளம் விதைத்தார். அவருடைய மகன் கிணறு வெட்டலாம் என்றார். பூமியைத் தோண்டித் தண்ணீர் எடுக்கிற பிழைப்பு நமக்கு எதற்கு என்று தாத்தா மறுத்தார். பேச்சு முற்றி, மகன் மண்வெட்டிக் காம்பால் அப்பாவின் முழங்காலில் ஒரு போடு போட்டார். சேற்றில் விழுந்தவர், பக்கத்தில் எவனாவது வந்தால் வெட்டிவிடுவேன் என்று கத்தினாராம். பிறகு வேலிக்கம்பைப் பிடித்துத் தானாக எழுந்து, இடுப்பில் கட்டியிருந்த விதைக்கிடங்குச் சாவியை அவிழ்த்து மகனின் காலடியில் எறிந்தார். அடுத்த மாதமே கிணறு வெட்டினார்கள்.

கிணறு வெட்டியவருக்கு வயதானபோது அவரும் அதே மாதிரி ஆகிவிட்டார். உழவு மாடுகளை விற்றுவிட்டு டிராக்டர் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் என் மாமனார். இந்த முறை நுகத்தடி. கழுத்துக்குக் கீழே எலும்பு முறிந்து வாசலில் கிடந்தவரைச் சுற்றி வீடே நின்று வேடிக்கை பார்த்தது. வெயில் ஏறிய பிறகு அவர் எழுந்து, ஒரு கையால் சாவியைக் கொடுத்தார். அதற்குள் இது குடும்பத்தின் சட்டமாகவே ஆகிவிட்டிருந்தது. விழுந்தவரை யாரும் தொடக் கூடாது. தூக்கிவிட்டால் அது வெறும் அடிதடி, அவரே எழுந்தால்தான் பட்டாபிஷேகம். இதைச் சொல்லிவிட்டு என் மாமியார், "உன் புருஷனுக்கும் ஒரு நாள் வரும், நீ வேணா பாரு" என்றார், ஏதோ அவருக்கு வேலை கிடைக்கப் போகிறது என்பது போல.

நான் பிறந்த வீட்டில் அப்பா குடிக்காமலே அடிப்பார். கை ஓங்காத ஒரு ஆள் கிடைத்தால் போதும், கஞ்சி குடித்தாவது வாழ்ந்துவிடலாம் என்று இவரைக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். இவர் கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். என் மாமனாரே இவருக்குக் கேலியாக வைத்த பெயர் பஞ்சு. பண்ணை, டிராக்டர், கிணறு எதுவும் எனக்கு வேண்டாம். இந்த மனிதர் இப்படியே இருந்தால் போதும் என்பதுதான் என் ஒரே ஆசை.

பஞ்சுக்கு மாடுகள் மேல் பைத்தியம். சோளத்தை விட்டுவிட்டுப் பால் பண்ணை வைக்க வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமனார் சம்மதிக்கவும் இல்லை, முழுதாக மறுக்கவும் இல்லை. அவருக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. டிராக்டரில் ஏறும்போதே மூச்சு வாங்கியது. சாவியைக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும் என்ற ஆசை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் யாராவது அடித்தால்தானே கொடுக்க முடியும்!

ஒரு நாள் சோறு போடும்போது கேட்டே விட்டேன்.

"மாமா, அடியும் வேணாம் உதையும் வேணாம். சும்மா கொடுத்துடுங்களேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடி வாங்காம கொடுத்தா என்னை எவன் மதிப்பான்? அடிக்காம வாங்குனா இவனை எவன் மதிப்பான்? நீ குழம்பை ஊத்து."

அதன் பிறகு மகனைச் சீண்டுவதே அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது. சாப்பிடுகிற தட்டைக் காலால் தள்ளிவிடுவார். ஆட்கள் முன்னால் பிடரியில் தட்டுவார். ஒரு முறை ரப்பர் குழாயால் முதுகில் விளாசினார், சட்டை கிழிந்து ரத்தம் வந்தது. இவர் சட்டையை மாற்றிக்கொண்டு, வீட்டுப் பாலுக்கென்று கட்டியிருந்த ஒற்றை மாட்டுக்குத் தவிடு கலக்கப் போனார். நான் மருந்து போட்டபடியே, "நாம வேற எங்கயாவது போயிடலாம்" என்றேன். "மாட்டை விட்டுட்டா?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் இவரே போய் இரண்டு கறவை மாடுகளையும் பால் கறக்கும் மெஷினையும் கொண்டுவந்து டிராக்டர் கொட்டகையில் வைத்தார். அனுமதி கேட்கவில்லை. ஒரு வாரம் மாமனார் வாயே திறக்கவில்லை. நான்தான் முட்டாள், ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அன்று காலை கறவை முடிகிற நேரம். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. இவர் பால் கேனை எடுத்து ஓரமாக வைத்தார். மாமனார் கடப்பாரையோடு உள்ளே வந்தார். பின்னால் மாமியார். முதல் போடு மெஷின் மேல் விழுந்தது. மோட்டார் கீச்சிட்டு நின்றது, ரப்பர் குழாய்கள் துண்டு துண்டாகப் பறந்தன. இவர் கையைப் பிசைந்துகொண்டு, "அப்பா, விடுங்கப்பா" என்றார்.

"விடுங்கப்பாவாம்! டேய் பஞ்சு, உனக்குள்ள ரத்தம் ஓடுதா, பால் ஓடுதாடா?"

இரண்டாவது போடு சிவப்பு மாட்டின் பின்னங்காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மாடு அலறியபடி உட்கார்ந்தது, மறுபடி எழப் பார்த்தது. முறிந்த கால் பக்கவாட்டில் மடங்க, தன் எடையிலேயே அதை நசுக்கிக்கொண்டு சாய்ந்தது. அதன் வாயில் நுரை தள்ளியது. நான் ஓடிப்போய்க் கடப்பாரையைப் பிடித்தேன். மாமனார் அதை விட்டுவிட்டு என் கன்னத்தில் அறைந்தார். தூணில் போய் மோதினேன். வாயெல்லாம் ரத்தம், ஒரு பல் நாக்கில் உருண்டது. என் முடியைக் கொத்தாகப் பிடித்து மகன் பக்கம் திருப்பிக் காட்டி, "இதுக்கும் சும்மாதான் நிப்பியா?" என்று கேட்டார்.

பஞ்சு பால் கேனைத் தூக்கினார். பாதிக்கு மேல் பால் இருந்த எவர்சில்வர் கேன். அதைச் சுழற்றி அப்பாவின் தலையில் அடித்தார். அந்தக் கைகள் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததே இல்லை. மாமனார் சாய்ந்தபோது பின்மண்டை தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் இடித்தது. பால் எங்கும் கொட்டியது.

கீழே கிடந்தபடி அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார்.

"இப்பதான்டா... நீ என் புள்ள."

கையை ஊன்றினார். ஒரு முழங்கால் எழுந்தது, வழுக்கியது, முகம் தரையில் அடித்தது. மறுபடி ஊன்றினார். இந்த முறை கை மட்டும் கொஞ்சம் அசைந்தது. காதிலிருந்து ரத்தம் வந்து பாலில் கலந்து ஓடியது. நான் எழுந்து ஓடினேன். மாமியார் குறுக்கே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எலும்பும் தோலுமான அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"தொடாத. அவரே எழுந்திருப்பாரு."

"அத்தை, காதுல ரத்தம் வருது! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். என்னங்க, வண்டியை எடுங்க!"

வண்டிச் சாவி இவர் சட்டைப்பையிலேயே இருந்தது. இவர் அதைத் தொடவில்லை. கையில் காலிக் கேனோடு, அப்பாவின் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரு. எழுந்திருவாரு" என்றார். குரலில் நடுக்கம்கூட இல்லை.

மாட்டின் அலறல் முனகலாகிவிட்டது. மாமனாரின் கண் மேலே சொருகி, திரும்ப வந்து, மகனைத் தேடியது. உதடு அசைந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"தூக்குடா."

நான்கு தலைமுறையில் அந்தச் சொல்லைச் சொன்னவர் மாமனார் ஒருவர்தான். என் கணவர் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"என் புருஷன் அப்படிச் சொல்லவே மாட்டாரு" என்றார் மாமியார். "உளறுறாரு. நீ நில்லு."

இவர் நின்றார்.

நான் மாமியாரின் கையைக் கடித்தேன். அவர் பிடி விட்டதும் போய் மாமனாரைப் புரட்டி, இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினேன். என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் வெறுத்த ஆள் அவர். என் பல்லைப் பெயர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் தூக்கு என்று கேட்ட மனிதரைத் தூக்காமல் என்ன செய்வது? பாலில் வழுக்கி வழுக்கி அவரைத் தொட்டியில் சாய்த்து உட்காரவைத்தேன். என் முந்தானையைக் காதில் அழுத்தினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், குழந்தை பிடிக்கிற மாதிரி. இரண்டு முறை மூச்சை இழுத்தார். பிடி தளர்ந்தது, அப்படியே என் மடியில் சரிந்தார்.

"மாமா" என்றேன். "மாமா, மாமா."

மாமியார் வந்து குனிந்து பார்த்தார். அழவில்லை. மாமனாரின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சாவியை எடுத்து, ரத்தத்தைத் தன் புடவையில் துடைத்து, மகனிடம் நீட்டினார். நீட்டியபடியே என்னைக் காட்டினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா அவரே எழுந்திருப்பாரு. இவ தொட்டுட்டா. இவ தொட்டதாலதான் போயிட்டாரு."

நான் என் கணவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் சாவியை வாங்கி, அம்மா கட்டிவிட வசதியாகச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். முடிச்சு இறுகிய பிறகு, பிணம் மடியில் கிடக்க உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தொட்ட?" என்று கேட்டார்.