ஒடியும் கம்பு, வளையும் கம்பு

"பையை என்கிட்ட கொடுங்க டாக்டர்."

மாடிப்படி ஏறி வந்தவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அக்காவின் கை நீண்டுவிட்டது. பல் டாக்டர் தயங்கினார். நேற்றுக் காலை தம்பியோடு மலைக்கு ஓடப் போனவர் அவர். தன் காலால் நடந்து திரும்பியதும் அவர் மட்டும்தான். தோளில் தொங்கிய பச்சைப் பை தம்பியுடையது. மழையில் ஊறி, சேறு அப்பி, அடிப்பக்கம் கனத்துத் தொங்கியது. பக்கவாட்டில் ஒரு மழைக்கோட்டுச் சுருள் கட்டியிருந்தது.

"கார் டிக்கியிலேயே இருந்துடுச்சுங்க. எப்படிக் கொடுக்கறதுன்னு..."

"கொடுங்க."

கொடுப்பதற்குள் அவள் தோளைத் தாண்டி இன்னொரு கை வந்தது. அப்பா. முப்பத்தாறு வருஷம் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த கை. எதைப் பிடித்தாலும் பிடித்ததுதான்.

"எக்ஸ்பிரஸ் பையா? ஈரமா இருக்கே. பால்கனியில காய வைக்கறேன்."

பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்த மகனுக்கு அவர் வைத்த கிண்டல் பெயர், எக்ஸ்பிரஸ். முப்பத்தைந்து வயதில் பையன் நிஜமாகவே ஓட ஆரம்பித்த பிறகு கிண்டல் போய்விட்டது. பெயர் போகவில்லை. நாற்பத்தொரு வயதில், கூடத்தில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தவனை அவர் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி இரண்டு. மயானத்துக்குப் போகும் வண்டி நாலு மணிக்கு வரும்.

அக்கா டாக்டரைப் படிக்கட்டுத் திருப்பத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"நீங்க முன்னாடி, அவன் பின்னாடி. சரிதானே?"

"ஆமா. இருபதடி இருக்கும். இறக்கம். பாறையெல்லாம் ஒரே வழுக்கல். பார்த்து வாங்கன்னு சொல்லிக்கிட்டேதான் போனேன்..."

"திரும்பிப் பார்த்தீங்களா?"

"சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்."

"என்ன சத்தம்?"

டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். "டக்குன்னு ஒண்ணு. கிளையைப் பிடிச்சிருப்பார், ஒடிஞ்சிருக்கும்னு தோணுச்சு. திரும்பறேன், ஆளைக் காணோம்."

"கம்பு? கையில ஊனிக்கிட்டிருந்த கம்பு என்ன ஆச்சு?"

"கம்பா?" இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "மீட்புக்காரங்க அவரோட மழைக்கோட்டுல சுத்திப் பையோட சேர்த்துக் கட்டிக் கொடுத்தாங்க. நான் பிரிச்சுப் பார்க்கலை. முடியலீங்க."

டக்.

பன்னிரண்டு வருஷமாக மலையேற்றச் சாமான் விற்கும் கடையில் நிற்பவள் அக்கா. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கார்பன் இழைக் கம்பு ஒடிவதற்கு முன்னால் சொல்லிவிட்டு ஒடியாது. முனகாது, வளையாது. சாக்பீஸ் மாதிரி, டக். அவ்வளவுதான்.

அந்தக் கம்பைக் கொடுத்தது அவள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம். கடையில் கூட்டமில்லை. தம்பியைச் சுவரோரம் நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, டேப்பை நீட்டினாள்.

"முழங்கை சரியா மடங்கணும். தோளைத் தூக்காதே. நூத்தி இருபது சென்டி. இனிமே வளர மாட்டே, இதுதான் உன் அளவு."

"அக்கா, கார்பன்ல கொடு."

"அலுமினியம் எடுத்துக்கோ."

"கார்பன் எழுபது கிராம் குறைச்சல்."

"எழுபது கிராம் குறையணும்னா சாப்பாட்டுல ஒரு கரண்டி குறைச்சுக்கோ. நான் சொல்றதைக் கேளு. உன் ரூட்டு முழுக்கப் பாறை. கல்லிடுக்குல முனை மாட்டும், நீ பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருப்பே. அலுமினியம் வளையும். கார்பன் ஒடியும். வளைஞ்ச கம்பை ஊனிக்கிட்டு வீட்டுக்காவது வந்து சேரலாம்."

"பந்தயத்துல எல்லாரும் கார்பன்தான் வெச்சிருக்காங்க."

"எல்லாரும் முன்னாடி ஓடுறாங்க. உனக்கு என்ன அவசரம், எக்ஸ்பிரஸ்?"

அவன் சிரித்தான். ஆனால் விடவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஜன்னலோர சீட்டானாலும் சரி, வேறெதுவானாலும் சரி, நச்சரித்தே வாங்கிவிடுவான். அடுத்த நாள் போன். அதற்கடுத்த நாள் மறுபடி போன். அவன் கேட்டது மடிக்கிற மாதிரிக் கார்பன் கம்பு. அதில் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நூற்றிருபது வேண்டுமென்றால் நூற்றிருபதேதான் வேண்டும். அந்த அளவு ஸ்டாக்கில் இல்லை. இருந்தது ஒரே ஒரு ஜோடி. பின் அலமாரியில், சிவப்புப் பொட்டோடு.

கீறல் விழுந்த கார்பன் கம்பின் பிடிக்குக் கீழே வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பின்னால் வைத்துவிட வேண்டும். அதுதான் கடையின் வழக்கம். கீறலுக்குள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. அதனால் விற்கக் கூடாது. அந்தப் பொட்டை ஒட்டியதும் அவள்தான். ஒரு தடவை தம்பி அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, எல்லாத்துக்கும் அம்மை போட்டிருக்கு?" என்று கேட்டுப் பொட்டுக்கான காரணத்தையும் தெரிந்துகொண்டான்.

மூன்றாவது போன் வந்த அன்று அவள் அந்த ஜோடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தளவு கீறல். விரலால் தடவினால் தட்டுப்படக்கூட இல்லை. மேல் பூச்சுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே பொட்டை உரித்தாள்.

கம்பை அவன் கையில் கொடுத்தபோதும் கடையில் எல்லாருக்கும் சொல்லும் பாடத்தைத்தான் சொன்னாள். "வாருக்குள்ள கையைக் கீழேயிருந்து மேலே நுழைக்கணும். அப்புறம் வாரோட சேர்த்துப் பிடிக்கணும். அப்பதான் பாரம் கையில விழாது." கீறலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மணி இரண்டரை. கூடத்தில் யாரோ வந்தார்கள், நின்றார்கள், தம்பி மனைவியின் தோளைத் தொட்டார்கள், நாற்காலி தேடி உட்கார்ந்தார்கள். அக்கா எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு தடவை பால்கனிக் கதவைப் பார்த்தாள்.

கதவின் கண்ணாடிக்கு அப்பால், குட்டை ஸ்டூலில், பையின் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை.

ஒடிந்திருந்தால்? கீறின இடத்திலேயே ஒடிந்திருந்தால்? யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இந்த வீட்டில் அந்த இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடியவள் அவள் ஒருத்திதான்.

டம்ளரைக் கீழே வைத்தாள். கதவைத் திறந்தாள்.

"அப்பா, நீங்க உள்ளே போங்க. நான் பார்த்துக்கறேன்."

"உள்ளே போய் என்ன பண்ணச் சொல்றே?" அவர் நிமிரவில்லை. "அவன் மூஞ்சியைப் பார்க்க முடியலை. இங்கேயாவது கைக்கு ஒரு வேலை இருக்கு."

பையைப் பிரித்திருந்தார். ஷூக்களை அலசிச் சுவரில் சாய்த்திருந்தார். தண்ணீர் பாட்டில், கசங்கிய தொப்பி, ஒற்றைக் கையுறை எல்லாம் டெப்போவில் ஸ்பேர் பார்ட்ஸ் அடுக்குகிற மாதிரி ஒரு பேப்பர் மேல் வரிசையாக இருந்தன. மழைக்கோட்டுச் சுருள் மட்டும் மிச்சம்.

"அதைக் கொடுங்கப்பா."

"இரு." அவர் முடிச்சை அவிழ்த்தார். ஈரத்தில் இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினார். துணி விலகியது.

"அடப்பாவமே. எப்படி ஆயிருக்கு பாரு!"

அவள் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள்.

"ஒடிஞ்சிருக்காப்பா?"

"ஒடியலை. வளைஞ்சிருக்கு."

"நல்லாப் பாருங்க."

"மெக்கானிக்குக்கு ஒடிஞ்சதும் வளைஞ்சதும் தெரியாதா? நல்லா வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு."

கார்பன் வளையாது.

திரும்பினாள். அப்பாவின் மடியில் இரண்டு கம்புகள். கறுப்பில்லை. சாம்பல் நிறம், மங்கலான பளபளப்பு. ஒன்று மூன்று துண்டாக ஒழுங்காக மடிந்திருந்தது. இன்னொன்று மடியாமல், நடுவில் அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது. ஒரு மனிதன் முழுப் பாரத்தையும் அதன் மேல் போட்டிருக்கிறான். அது தாங்கிப் பார்த்திருக்கிறது. பிடிக்குக் கீழே எண் தெரிந்தது: 120. வேறு ஏதோ கடையின் முத்திரை.

அலுமினியம்.

அப்படியானால் டாக்டர் கேட்டது கிளையின் சத்தம்தான்.

அவளிடமிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. நீளமாக, நேற்று மத்தியானத்திலிருந்து அடைத்துக்கொண்டிருந்த அத்தனையும் சேர்ந்த மூச்சு. அது போன பிறகுதான், கூடத்தில் தம்பி கிடக்கும்போது தன் உடம்பு இப்படி லேசாகிவிட்டதே என்று உறைத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி."

பால்கனி வாசலில் தம்பி மனைவி. கண் இரண்டும் வீங்கியிருந்தன. கம்புகளைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. வேற கடையில போய் வாங்கிட்டார். அண்ணிகிட்ட சொல்லிடுங்கன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். 'ஐயோ, வேணாம். அவ சொன்னபடி அலுமினியம் வாங்கினேன்னு தெரிஞ்சா பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவா'ன்னார்."

அக்கா வளைந்த கம்பைப் பார்த்தாள்.

"நான் கொடுத்தது?"

"அதை ஒரு நாள்கூட எடுத்துக்கிட்டுப் போகலை. பத்திரமா உள்ளேதான் இருக்கு. வாங்க."

படுக்கையறை அலமாரிக்குப் பின்னாலிருந்து நீல உறையை எடுத்தாள். அக்கா அதை வாங்கி ஜிப்பைத் திறந்தாள். கறுப்புக் கம்புகள். புதுக்கருக்கு மாறவில்லை.

"ஏதோ கீறல் இருக்குன்னார். திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதானேன்னு கேட்டேன். 'அக்கா கவனிச்சிருக்க மாட்டா. இதைக் கொண்டு போய் நீட்டினா முதலாளி அவளைத்தான் பிடிச்சுத் திட்டுவார். கிடக்கட்டும் விடு'ன்னுட்டார்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா ராத்திரி உட்கார்ந்து துடைச்சாரே, அதான் எனக்குப் புரியலை. உபயோகிக்காத கம்பை எதுக்குத் துடைக்கணும்? ஏதோ பசை ஒட்டியிருந்துதாம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சார்."

அக்கா கம்பை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பிடிக்குக் கீழே, அவள் பொட்டை உரித்த இடம். அவசரத்தில் உரித்ததில் விளிம்பில் சிவப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருந்தது. அது அவளுக்கு நினைவிருந்தது. இப்போது அங்கே ஒன்றுமில்லை. சுத்தமாக, வழவழவென்று, லேசான மண்ணெண்ணெய் வாடையோடு இருந்தது. யார் பார்த்தாலும், எந்த முதலாளி பார்த்தாலும், அங்கே ஒரு பொட்டு இருந்ததென்று சொல்ல முடியாது.

கவனிச்சிருக்க மாட்டா.

பொட்டு எதற்கென்று தெரிந்தவன் சொன்ன வார்த்தை.

"நான்..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணி?"

தம்பி மனைவி காத்திருந்தாள். அந்த முகத்தில் சந்தேகமே இல்லை. கீழே தெருவில் ஒரு வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன.

"ஒண்ணுமில்லைம்மா. நீ முகம் கழுவிக்கோ."

உறையின் ஜிப்பை மூடி, அலமாரிக்குப் பின்னால், இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பால்கனியில் அப்பா வளைந்த கம்பை முழங்காலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு கையாலும் அழுத்தப் போனார்.

"வேணாம்பா!"

"அஞ்சு நிமிஷ வேலை. பஸ் கைப்பிடிக் கம்பியையே நிமிர்த்தினவன் நான்."

"இது அப்படியில்லைப்பா. ஒரு தடவை வளைஞ்சா வளைஞ்சதுதான். நிமிர்த்தினா அந்த இடத்துல ஒடிஞ்சிடும்."

அவர் கை நின்றது. கம்பை மடியில் வைத்துக்கொண்டு, வளைந்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல நீவினார். குழந்தைக்குக் கால் சுளுக்கினால் நீவுகிற மாதிரி.

"மடக்கவாவது முடியுமா? பைக்குள்ள வைக்கலாம்."

"மடங்காதுப்பா."

"அப்ப இதை எங்கேதான் வைக்கறது?"

அவள் அவரிடமிருந்து கம்பை வாங்கிக்கொண்டாள்.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். லிஃப்ட் சின்னது, படி வழியாகத்தான் போக வேண்டும். பல் டாக்டர் தலைமாட்டில் ஒரு பக்கம் பிடித்தார். "மெதுவா, மெதுவா. திருப்பத்துல பார்த்து" என்று சொல்லிக்கொண்டே போனார். அப்பா சுவரைப் பிடித்தபடி பின்னால் இறங்கினார். தம்பி மனைவியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள்.

கடைசியாக அக்கா. வீட்டுக் கதவைச் சாத்தினாள். கம்பின் வாருக்குள் கையைக் கீழேயிருந்து மேலே நுழைத்தாள். வார் இன்னும் காயவில்லை. அவன் மணிக்கட்டுக்கு வைத்திருந்த அளவு. அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. ஒரு இழுப்பில் இறுக்கிவிடலாம்.

இறுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு முதல் படியில் ஊன்றினாள். கம்பு கொஞ்சம் சாய்ந்தது. பிறகு தாங்கியது.