பார்ப்பவர் நிற்கும் இடம்

புது மொழி என்றாலே எனக்கு எரிச்சல். அதுவும் கணினி மொழி என்றால் சொல்லவே வேண்டாம். எங்கள் கோளரங்கத்தின் வானத்தை நடத்தும் புரோகிராமை எழுதியது நான்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில். எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்றைய நட்சத்திரங்களைக் குவிமாடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். அது ஓடிக்கொண்டிருந்த கணினி இந்த வருஷம் மண்டையைப் போட்டது. புதுக் கணினிக்கு என் பழைய மொழி தெரியாது. எதையும் ஆப்ஜெக்டாக, தனித்தனிப் பொருளாக, பார்க்கும் ஏதோ ஒரு மொழிதான் வேண்டுமாம்.

"எதுக்கு இவ்வளவு பாடு? ஒரு படம் வாங்கிப் போட்டுடலாம். சுருக்கமா சொல்லுங்க, முடியுமா முடியாதா?" என்றார் மேலாளர். எதற்கெடுத்தாலும் இதையே சொல்வதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சுருக்கம்'.

படம் வந்தால் குரலும் அதிலேயே பதிவாகி வந்துவிடும். இருட்டில் மைக்கைப் பிடித்து வானத்தைச் சொல்லிக்காட்டும் என் நாத்தனாருக்கு அப்புறம் வேலை இல்லை. நாத்தனார் என்பது பிறகு வந்த சொந்தம், முதலில் தோழி. தன் அண்ணனை என் தலையில் கட்டியதே அவள்தான். அந்தக் கோபம் தனி. ஆனால் அவள் குரல் இல்லாமல் அந்த இருட்டில் உட்கார என்னால் முடியாது.

"முடியும்" என்றேன். எனக்கு என் வாய்தான் எதிரி.

புத்தகம் படித்துக் கற்கும் பொறுமை எனக்குக் கிடையாது. இடது திரையில் என் பழைய வரிகளை வைத்துக்கொண்டு, வலது திரையில் ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்து நட்டேன். முதலில் எல்லாவற்றையும் கிளாஸ் என்கிற ஒரே பெட்டிக்குள் அடைத்தேன். ஓடியது, ஆனால் என் பழைய புத்தி அப்படியே இருந்தது. திட்டிக்கொண்டே பிரித்தேன். பழைய புரோகிராமில் நட்சத்திரங்கள் வெறும் எண்கள்; திரும்பத் திரும்பச் சுற்றும் ஒரே வளையம் அத்தனையையும் மந்தை மாதிரி ஓட்டிப்போகும். இங்கே ஒவ்வொரு நட்சத்திரமும் தனி ஆள். தன் இடம், தன் தூரம், தன் வெளிச்சம் எல்லாம் அதனிடமே இருக்கும்.

ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். 'நீ எங்கே தெரிவாய்?' என்று நட்சத்திரத்தைக் கேட்கும் வரி அது. 'யாருக்கு?' என்று தெரியாமல் அதனால் பதில் சொல்ல முடியவில்லை. பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று பழைய வரிகளில் தேடினேன். எங்குமே இல்லை. இந்தப் பூமியை விட்டு எங்கே போகப்போகிறோம் என்று அதை நான் எழுதவே இல்லை!

'பார்ப்பவர்' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். நட்சத்திரங்களின் தூரத்துக்கு முன்னால் பூமியும் சூரியனும் ஒட்டிக்கொண்டிருப்பவைதான். அதனால் சூரியனின் இடத்தையே பார்ப்பவருக்கும் கொடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இடம் என்று ஒன்று எழுதிவிட்டால் அதை மாற்றலாம். பூமியை விட்டே கிளம்பலாம்! எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சுருக்கம் பார்க்க வந்த அன்று காலையில் நாத்தனார், "அண்ணி, வேற ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்துல போய் நின்னு நம்ம சூரியனைத் திரும்பிப் பாத்தா என்ன?" என்றாள். ஒத்திகையில் அதை நாங்கள் பார்க்கவில்லை. நல்ல யோசனை, நானும் தலையாட்டிவிட்டேன்.

விளக்குகள் அணைந்தன. முதலில் அன்றைய வானம். பிறகு பார்ப்பவரை நகர்த்தினேன். பக்கத்து நட்சத்திரங்கள் விரைந்து விலகின, தூரத்தவை அசைந்தும் அசையாமலும் நின்றன. பழகிய உருவங்கள் கலைந்துபோயின. நானே எழுதியதுதான், எனக்கே வாய் பிளந்தது.

"வேற ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்துல வந்துட்டோம். இங்கேருந்து நம்ம சூரியனைப் பாக்கலாம்" என்றாள் நாத்தனார்.

சூரியன் இல்லை.

"எங்க?" என்றார் சுருக்கம். நாற்காலி கிறீச்சிட்டது, எழுந்துகொள்கிறார்.

"உக்காருங்க சார், இவ்வளவு தூரம் வந்தா வீடு உடனே தெரியுமா? கண்ணைக் கொஞ்சம் பழக்குங்க" என்றாள் அவள், குரல் இம்மியும் பிசகாமல். பக்கத்தில் ஜொலிக்கும் நட்சத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். படத்தின் குரலாக இருந்திருந்தால் 'அதோ சூரியன்' என்று வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

நான் சூரியனின் இடத்தைக் கேட்டேன். கணினி காட்டியது. நாங்கள் நிற்கும் அதே இடம்.

பழைய மொழியில் ஒன்றை இன்னொன்றுக்குக் கொடுத்தால் அது நகல். இங்கே அப்படியில்லை. வீட்டில் ஒரு பேர், பள்ளியில் ஒரு பேர் வைத்த பிள்ளை மாதிரி, ஒரே இடத்துக்கு நான் இரண்டு பேர் வைத்திருக்கிறேன். பார்ப்பவரை நகர்த்த நகர்த்த, சூரியனும் கூடவே வந்திருக்கிறது. நிற்கும் இடத்திலேயே இருக்கும் நட்சத்திரத்தை வரையாதே என்றும் நானே எழுதியிருந்தேன். வீட்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, வீடு எங்கே என்று தேடுகிறோம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பார்ப்பவருக்கென்று புதிதாக ஓர் இடத்தை உண்டாக்கி, சூரியனை அதன் இடத்திலேயே விட்டேன். மறுபடி ஓட்டினேன்.

வானம் ஒருமுறை இருண்டு வந்தது. ஓரத்தில், பெரியவற்றுக்கு நடுவே, மங்கலாக ஒரு புள்ளி.

நாத்தனார் மைக்கைக் கீழே இறக்கினாள். நான், அவள், அவள் அண்ணன், எங்கள் சண்டைகள் எல்லாம் அந்தப் புள்ளியின் பக்கத்தில், அந்தப் புள்ளி அளவுகூட இல்லாமல்.

"அதுவா?" என்றார் சுருக்கம், மிக மெல்ல.

"அதுதான் சார்" என்றேன்.

"நாம?"

"அதுக்குப் பக்கத்துல. இங்கேருந்து தெரிய மாட்டோம்."

அவர் சிறுபிள்ளை மாதிரி கேட்டார்: "திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவீங்கல்ல?"

"போயிடலாம் சார்."

"மெதுவாப் போங்க. நீங்க பேசிட்டே வாங்கம்மா. சுருக்கமா வேண்டாம்."

நாத்தனார் மைக்கில் தொண்டையைச் செருமினாள். நான் பார்ப்பவரை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.