டிக்கெட் வாங்கி வந்த மச்சான்

கோசோ தீவைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதை சொல்லிச் சொல்லியே விஸ்டினுக்குத் தலை நரைத்துவிட்டது. எந்தக் கல்லுக்கு எந்தக் கதை, எந்த வளைவில் பஸ் திரும்பும்போது எந்தச் சிரிப்பு என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜெர்மன்காரர்களுக்கு ஆண்டுக்கணக்கு வேண்டும், பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கதை வேண்டும், இங்கிலீஷ்காரர்களுக்கு நிற்க நிழல் இருந்தால் போதும். ஆனால் அந்த ஆகஸ்டு மாதத்துக் கூட்டத்திடம் அவருடைய பாச்சா பலிக்கவில்லை.

காரணம், வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தத் தீவில் பிறந்தவர்கள். இளவயதில் கப்பலேறி மெல்போர்ன் போய், கார் தொழிற்சாலையிலும் ரயில்வேயிலும் உழைத்து ஓய்ந்து, பேரன் பேத்தி எடுத்து, கண்ணை மூடுவதற்குள் ஐன் ருமீன் ஊர்த் திருவிழாவை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று கிளம்பி வந்தவர்கள். விஸ்டினுக்கும் அதுதான் ஊர். திருவிழாவுக்குச் சில நாள் இருந்ததால், ஒரு நாள் தீவைச் சுற்றிக் காட்டும்படி அவர்கள் சங்கத்திலிருந்து கேட்டிருந்தார்கள்.

காலையில் ராட்சசி கோயிலில் ஆரம்பித்தார். பிரமிடுகளுக்கும் முந்திய கற்கள். மொச்சையும் தேனும் தின்றுகொண்டு, கையில் பிள்ளையும் தலையில் கல்லுமாக ஒருத்தி சுமந்து வந்து கட்டினாளாம் என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் இடத்தில் வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். இங்கே சென்ஸா என்ற பருத்த அம்மாள் குறுக்கே புகுந்தாள்.

"அது கெடக்கட்டும் தம்பி. அந்தச் சுவருக்குப் பின்னால ஒரு கரோபு மரம் நின்னுதே, அத எந்தப் பாவி வெட்டினான்?"

அதோடு கதை போயிற்று. அந்த மரத்தடியில் யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று பேச்சு திரும்பி, கூட்டமே சிரித்தது. மேற்குக் கரையில் கடலுக்குள் ஜன்னல் வைத்தாற்போல நின்ற பாறை வளைவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அது போன வருஷப் புயலில் விழுந்துவிட்டது, இப்போது ஒன்றுமில்லை என்று விஸ்டின் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. வெறுங்கடலுக்கு முன்னால் போய் நின்று, ஆளுக்கொரு பக்கமாகக் கையை வீசி, இங்கே நின்றது, இல்லை இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றது என்று காற்றில் வரைந்து சண்டை போட்டார்கள். கல்யாணமான கையோடு அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட ஒருவர் மட்டும் பேசாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

மதியம் கோட்டைக்கு ஏறினார்கள். கடற்கொள்ளைக்காரர்கள் வந்து தீவில் இருந்த அத்தனை பேரையும் அடிமையாகக் கொண்டுபோன கதை அங்கேதான் சொல்லப்பட வேண்டும். விஸ்டின் வாயெடுப்பதற்குள் எல்லோரும் மதிலில் வயிற்றைச் சாய்த்துக் கீழே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். காய்ந்த வயல்களும் ஊர்களும் குவிமாடங்களும் விரித்துப் போட்டதுபோல் கிடந்தன. அதோ எங்க வீடு, அதோ எங்க மாமா வீடு, அந்தத் தண்ணித் தொட்டி அப்பாவே கட்டினது என்று ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு கூரையைத் தொட்டது. விஸ்டின் கடற்கொள்ளைக்காரர்களைக் கைவிட்டார். அவருக்கும் அந்த விரல்களின் பின்னாலேயே போகத்தான் தோன்றியது.

ஒரே ஒரு ஆள் மட்டும் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றிருந்தார். உயரமானவர், கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. காலையிலிருந்து பஸ்ஸின் கடைசி இருக்கையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர். சாம் என்று கூப்பிட்டார்கள். உங்கள் வீடு எது என்று விஸ்டின் வழக்கமான மரியாதையோடு கேட்டார்.

"எங்க வீடு இடிஞ்சு போச்சு, அங்க இப்ப கார் நிறுத்துறாங்க. நான் அதப் பாக்கல." அவர் கையை நீட்டினார். "நம்ம ஊர்க் கோயில் குவிமாடத்துக்கு இடப்பக்கம் ஒத்தப் பனை நிக்குதே, அந்த வீடு. அதுல இப்ப யாரு இருக்கா?"

அந்தப் பனை விஸ்டினுடைய அப்பா நட்டது. அந்த வீட்டில் இருப்பது விஸ்டின்தான்.

அவர் அந்த முகத்தைப் பார்த்தார். சுருக்கங்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். அடியில், டிரம்பெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து போன ஒரு இளவட்டம் இருந்தான்.

"சாம் இல்ல, சவேர்" என்றார் விஸ்டின்.

"அங்க எல்லாரும் சாம்னுதான் கூப்பிடுவாங்க. ஒளிக்கணும்னு வெச்ச பேரில்ல."

"வீட்டுக்கே நேரா வந்திருக்கலாமே."

"வந்திருக்கலாம். நீ கதவத் தெறக்கலன்னா? அதான் டிக்கெட் வாங்கிட்டு வந்தேன். டிக்கெட் வாங்கினவன உன்னால பஸ்ஸ விட்டு எறக்க முடியாதுல்ல."

விஸ்டினுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, எல்லோரும் பஸ்ஸுக்கு வரலாம் என்று கையைத் தட்டினார்.

ஐன் ருமீனில் பிறக்கிறவன் சிவப்பாகப் பிறப்பான், இல்லாவிட்டால் நீலமாகப் பிறப்பான். ஒரே தேவாலயம், ஒரே புனித ரோக்கு, ஆனால் பேண்டு வாத்தியக் குழு இரண்டு. சிவப்புக்கு ஒரு சாயங்காலம், நீலத்துக்கு ஒரு சாயங்காலம். யாருடைய அதிர்வேட்டு பலமாக வெடித்தது, யாருடைய கொடி உயரம் என்று வருஷம் முழுக்கப் பேசுவார்கள். விஸ்டினின் அப்பா நார்து சிவப்புக் குழுவின் தலைவர். சவேரின் அப்பா நீலத்துக்கு வேட்டுக் கட்டுகிறவர். இருவரும் ஒரே பாதிரியாரிடம் நற்கருணை அப்பம் வாங்குவார்கள், வாசலுக்கு வந்ததும் எதிரெதிர் திசையில் நடப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், விஸ்டினின் ஒரே அக்கா ஜுதித்தா, ஒரு திருவிழா முடிந்த இலையுதிர் காலத்தில், பக்கத்துப் பெரிய தீவில் வலெட்டாவில் இருக்கும் சித்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று படகேறினாள். அங்கே சவேரோடு ஒரு சின்னக் கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டு, அடுத்த வாரமே ஆஸ்திரேலியக் கப்பலில் போய்விட்டாள். அப்பா இருந்தவரை அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அம்மா சொல்லாமலே செத்துப்போனாள். அப்பா போன பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அக்காவும் தம்பியும் போனில் பேசிக்கொண்டார்கள். சவேர் ஒரு தடவைகூட லைனுக்கு வந்ததில்லை, விஸ்டினும் கேட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் போன் செய்து, அம்மா போய்விட்டாள் என்றாள்.

பஸ் ஊருக்குள் நுழைந்தபோது தெருவெல்லாம் தோரணமும் மரத் தூண்களுமாக இருந்தது. தேவாலயத்தைக் காட்டி இறக்கிவிடுவதோடு அன்றைய வேலை முடிய வேண்டும். விஸ்டின் மைக்கைக் கையில் எடுத்தார். இன்னும் ஒரே ஒரு இடம் பாக்கி இருக்கிறது, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, பார்க்க விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார். சென்ஸா உட்பட அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள்.

கதவைத் திறந்த அவர் மனைவி கார்ம்னி, மாவுக் கையோடு நின்றபடி கூட்டத்தைப் பார்த்தாள். "என்னங்க இது, பஸ்ஸையும் உள்ள கொண்டு வரலையா?"

விஸ்டின் அவள் காதில் இரண்டு வார்த்தை சொன்னார். கார்ம்னி நிமிர்ந்து அந்த உயரமான ஆளைப் பார்த்தாள். பிறகு கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு, "நீலத்துக்காரரா இருந்தாலும் பசிக்குமில்ல. உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தன் வீட்டுக்குள் அவர்களை எப்படி அழைத்துப் போவது என்று விஸ்டினுக்குத் தெரியவில்லை. மனிதராகப் பேசினால் குரல் உடைந்துவிடும்போல் இருந்தது. அதனால் வழிகாட்டியாகவே பேசினார். வாசப்படி தாழ்வு, தலை பாத்து வாங்க என்றார். இந்தத் தளக்கல் பாட்டனார் காலத்தது, இந்த மேஜையில் அப்பா வேட்டுக் கணக்குப் பார்ப்பார், இந்த மேடையில் அம்மா தக்காளியை உப்புப் போட்டுக் காய வைப்பார் என்றார். எல்லோரும் கோட்டையில் கேட்காததை இங்கே வாய் மூடிக் கேட்டார்கள்.

"இந்த ஜன்னலோரமா உக்காந்துதான் எங்கக்கா தாள் வெட்டுவா" என்றார். "திருவிழாவுக்கு மாடத்துலேருந்து பேண்டு மேல தூவுறதுக்கு. ஈஸ்டர் முடிஞ்சதுமே ஆரம்பிச்சுடுவா. பழைய பேப்பர், மிட்டாய்த் தாள், எதையும் விடமாட்டா. தலகாணி உறையில அடச்சு வெப்பா."

அந்த வீட்டுக்குள் 'எங்கக்கா' என்று அவர் வாயால் உரக்கச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அடுப்படி வாசலில் கார்ம்னி பலகாரத் தட்டோடு அசையாமல் நின்றாள். சவேர் ஜன்னல் கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"மேல போலாமா?" என்று கேட்டார் அவர்.

தெருப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த பச்சை மர மாடத்தில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். மற்றவர்கள் கீழேயே தட்டுகளைச் சுற்றிக்கொண்டார்கள். சவேர் கண்ணாடிக் கதவைத் தூக்கி, குனிந்து தெருவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கீழே ஒரு ஆள் ஏணி மேல் நின்று விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தான்.

"நான் இந்த மாடத்தக் கீழேருந்தே பாத்தவன்" என்றார். "ஆயுசு பூரா கீழேருந்து பாத்த படம்தான் மனசுல இருக்கு. மேலேருந்து அவளுக்கு நான் எப்படித் தெரிஞ்சிருப்பேன்னு ஒரு தடவ பாத்துடணும்னு இருந்துது."

விஸ்டினும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"அந்த வருஷம் பெரிய தெருவத் தோண்டிப் போட்டிருந்தாங்க. நீலக் குழு இந்தச் சந்து வழியாத்தான் போகணும்னு ஆயிடுச்சு. சிவப்புத் தலைவர் வீட்டு வாசல். எல்லாரும் தலையக் குனிஞ்சுட்டு வாசிச்சிட்டுப் போறோம், மேலேருந்து பொலபொலன்னு தாள் விழுது. என் டிரம்பெட் வாய்க்குள்ள ஒரு பிடி. ஊதினா சத்தமே வரல. அதுக்கு நீ அறை வாங்கின."

விஸ்டினுக்கு அந்தக் கன்னம் இப்போதும் சுட்டது. அப்பா மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்து, எதிரிக்குத் தாள் தூவியது யார் என்று கேட்டார். அக்காவின் கையில் காலியான உறை இருந்தது. கை தவறிக் கொட்டிவிட்டேன் என்று பதினாலு வயது விஸ்டின் முந்திக்கொண்டு சொன்னான். அறை விழுந்த வேகத்தில் சுவரில் போய் மோதினான்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு திருவிழாவுக்கும் சொல்லுவா. எம் பொண்ணுக்குச் சொன்னா, பேரப்புள்ளைங்களுக்குச் சொன்னா. எந்தம்பி எனக்காக அறை வாங்கினான்னு. அவங்களுக்கு நீ பெரிய வீரன்."

விஸ்டின் மாடத்தின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக அடியில் கிடந்தது மேலே வந்துவிட்டது.

"அப்புறம் ஏன் எங்கிட்டக்கூடச் சொல்லாமப் போனா? நான் யார்கிட்டயாவது வாயத் தெறந்திருப்பனா? சித்தியப் பாக்கன்னு கெளம்பின அன்னிக்குச் சாயங்காலம் படகுத் துறைக்கு அவளக் கூப்பிடப் போனேன். கடைசிப் படகு வர்ற வரைக்கும் நின்னேன்."

சவேர் மாடக் கட்டையில் முழங்கையை ஊன்றினார். கீழே யாரோ சிரித்தார்கள், தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"நீ வாயத் தெறப்பன்னு பயப்படல. உம் மொகத்தப் பாத்துட்டா போகமாட்டேன்னு பயந்தா. அன்னிக்குக் காலையில நீ தூங்கிட்டிருந்தியாம். எழுப்பாம, கட்டில் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாளாம். கப்பல்ல மூணு நாள் சாப்பிடல. அழுததெல்லாம் உன்ன நெனச்சுத்தான். எனக்கே கொஞ்சம் பொறாமையா இருந்துது. அதான் போன்ல உன் பேரு வந்தா எந்திரிச்சுப் போயிடுவேன். அப்புறம், என்ன பேசுறதுன்னும் தெரியல."

விஸ்டின் அழுதார். அவர் அழுவதை சவேர் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது பெரிய உபகாரமாக இருந்தது. கொஞ்சம் தெளிந்ததும், "வாங்க மச்சான், கீழ போலாம். சென்ஸா எல்லாத்தையும் தின்னு தீத்துடுவாங்க" என்றார் விஸ்டின்.

பஸ் மற்றவர்களோடு கிளம்பிப் போயிற்று. சவேரின் பெட்டியை விடுதியிலிருந்து எடுத்து வரச் சொல்லிக் கார்ம்னியே போன் போட்டுவிட்டாள். திருவிழா வரைக்கும் அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். சாப்பாட்டு மேஜையில் விஸ்டின் கேட்டுக்கொண்டே இருப்பார். அக்கா டிராமில் போக எத்தனை நாளில் கற்றுக்கொண்டாள், குளிருக்கு என்ன செய்தாள், கோபம் வந்தால் அங்கேயும் பாத்திரத்தைத் தேய்தேய் என்று தேய்ப்பாளா. சவேர் மெதுவாகச் சொல்லுவார். பேசாத மனிதருக்குப் பேச இத்தனை இருந்ததா என்று கார்ம்னி ஆச்சரியப்பட்டாள்.

சிவப்புக் குழுவின் சாயங்காலம் சவேர் பச்சை மாடத்தில் நின்றார். ஊரே நிமிர்ந்து பார்த்தது. நீலக் குழுவின் பழைய சேக்காளி ஒருவர் கீழேயிருந்து, "என்னடா சவேர், கட்சி மாறிட்டியா?" என்று கத்தினார்.

"பொண்டாட்டி வீடுடா" என்றார் சவேர்.



இம்ஜார் படகுத் துறையில் வழியனுப்பப் போனபோது, இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இரண்டு பேரும் மெல்போர்ன் வர வேண்டும் என்றார் சவேர். அவளுடைய தையல் மிஷின், அவள் போன கோயில், டிராம் நிற்கும் முக்கு எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்றார். விஸ்டின் ரோமாபுரிக்கு அப்பால் போனதில்லை. முழங்கால் வலி, வேலை, பார்க்கலாம் என்று இழுத்தார். படகு கிளம்பி, கையசைத்த உயரமான உருவம் சின்னதாகிப் போயிற்று.

திரும்பும் வழியில் கார்ம்னி ஏதோ யோசனையாகவே வந்தாள்.

"ஏங்க, அங்க கிறிஸ்துமஸுக்கு வெயில் கொளுத்துமாமே. நான் எந்தச் சட்டைய எடுத்து வெக்கிறது?"