முள்ளன் விழுங்கிய மூச்சு

என் வீட்டுக்காரியின் தொண்டைக்குள் ஒரு பையன் குடியிருக்கிறான். பெயர் முள்ளன். மாயாஜால நாவல் வரிசை ஒன்றின் நாயகன். கோபம் வந்தால் முதுகில் முள் முளைக்கும். அந்த நாவல்களை ஒலிநூலாக்கும் ஸ்டுடியோவில் கதை சொல்வதும், முள்ளனாகப் பேசுவதும் இவள்தான். நான் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன். இவளைக் கொண்டுபோய் விடத்தான் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கிடக்கும் சோபாவில் வேர் விட்டு, கிளையும் விட்டுவிட்டேன்.

முதல் பாகத்தில் முள்ளன் பொடியன். சொந்த அண்ணனே அவனை ஒரு மந்திரக்காரிக்கு விற்றுவிடுகிறான். "அண்ணன் வித்த பயலே!" என்று ஒருத்தன் கேலி செய்ததற்கு முள்ளன் போட்ட கூச்சலில் ஸ்டுடியோக் கண்ணாடி தூளாகாதது அவர்களுடைய முன்னோர் செய்த புண்ணியம். நான் ஆயுசுக்கும் அடித்த ஹாரன் அதற்கு முன்னால் கொசு.

இரண்டாம் பாகத்தில் ஆசையாகத் தோழியைக் கட்டிக்கொள்கிறான், முள் அவளைக் குத்திவிடுகிறது. அதற்கப்புறம் எவரையும் தொடாமல் ஒதுங்கியே நடக்கிறான், பாவம். மூன்றாவதில், கோபம் என்று நினைத்ததில் பாதி பயம்தான் என்று கண்டுபிடிக்கிறான். எனக்கு அது தெரிய அறுபது வயசாயிற்று! நான்காவதில் முதல் தடவையாக அழுகிறான். அழுதது அவன், சோபாவைப் பிழிந்து காயப்போட்டது நான்.

ஐந்தாவது, கடைசிப் பாகத்தில்தான் வந்தது வில்லங்கம்.

"முள்ளன் இப்ப வளர்ந்த ஆளும்மா," என்று இழுத்தார் இயக்குநர். "ஆம்பளைக் குரலாப் போடச் சொல்லி மேலிடத்துல பிடிவாதம். ஒரு தம்பி இருக்கார். 'வணக்கம்'னு சொன்னாலே இடி இடிக்கும்."

"பெத்து வளத்தது நான். கல்யாண வயசு வந்ததும் இன்னொருத்தர் தூக்கிட்டுப் போவாங்களாக்கும்?" என்றாள் இவள். குரல் கிண்டலடித்தது. கை மட்டும் முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிக்கொண்டிருந்தது. "ஒரு பக்கம் பேசிக் காட்டறேன். சரியில்லேன்னா அந்தத் தம்பிக்கு நானே கதவைத் திறந்து விடறேன்."

இயக்குநரும் லேசுப்பட்டவர் இல்லை. உள்ளதிலேயே கஷ்டமான பக்கத்தை எடுத்து நீட்டினார். விற்றுப்போட்ட அண்ணன், வருஷங்கள் கழித்து, கொட்டுகிற மழையில் முள்ளனின் வாசலில் வந்து நிற்கிற இடம்.

கதவு மூடியது, சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த நேரம் பார்த்து மேலிடத்துப் போன். இயக்குநர் வெளியே ஓடினார்.

உள்ளே இவள் மழையைச் சொன்னாள், வாசலைச் சொன்னாள். முள்ளன் பேச வேண்டிய இடம் வந்தது. சர்ரென்று ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள். எனக்கு அந்த மூச்சு அத்துப்படி. எங்கள் வீட்டில் அது கேட்டால் ரெண்டு தெருக் காக்கைகள் ஊரைக் காலி செய்துவிடும். காதைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினேன். மூச்சு பாதியில் நின்றது. அதை அப்படியே விழுங்கினாள்.

"உள்ள வாண்ணா. மழையில நிக்காதே."

என் முதுகிலேயே முள் முளைத்துவிட்டதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

இயக்குநர் திரும்பி வருவதற்குள், ஒலிப்பதிவுத் தம்பி சுறுசுறுப்பாகப் பதிவைச் சுத்தம் செய்து வைத்திருந்தான். போட்டுக் காட்டினான். இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

"என்னங்க இது? வித்துட்டுப் போனவன் வந்து நிக்கிறான். இவன் என்னமோ விருந்தாளியக் கூப்பிடற மாதிரி கூப்பிடறான்? உணர்ச்சியே இல்லையே!"

எனக்கும் அப்படித்தான் சப்பென்று கேட்டது. அதே குரல், அதே வார்த்தை. உயிர் மட்டும் இல்லை.

"தம்பி, அந்த மூச்சு எங்கப்பா?" என்று ஒலிப்பதிவுக்காரனைக் கேட்டேன்.

"வெட்டிட்டேன் ஐயா. மூச்சுச் சத்தத்தை எப்பவும் எடுத்துருவோம். கேக்கறவங்களுக்கு உறுத்தும்ல?"

"அட என் ராசா! இத்தனை நாள் எடுத்தே சரி, பின்னாலேயே இடி வந்துச்சு. இன்னிக்கு இடிய முழுங்கிட்டானேப்பா! முழுங்கினது தெரியலேன்னா, அவனுக்குக் கோபமே வரலேன்னுல்ல ஆயிடும்? அஞ்சு பாகமா அவன் பட்ட பாடெல்லாம் அந்த மூச்சுலதான்யா இருக்கு. ஒட்டு, ஒட்டு!"

தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு அதைத் திரும்பச் சேர்த்தான். மறுபடி ஓடியது. மழை. வாசல். சர்ரென்று மூச்சு. நின்றது. விழுங்கும் சத்தம். "உள்ள வாண்ணா."

இயக்குநர் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. இன்னொரு தடவை கேட்டார். பிறகு போனை எடுத்து, "அந்த இடிக்குரல் தம்பிய வரச் சொல்லுங்க. அண்ணனாப் பேசட்டும்," என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவளுக்கு இது ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இயக்குநர் மைக் பொத்தானை அழுத்தினார்.

"அம்மா, அடுத்த பக்கம் போலாமா?"

"யாராப் பேசணும்?"

"முள்ளனாத்தாம்மா. வேற யாரு?"

"இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்," என்று திரும்பிக்கொண்டாள். கொஞ்சமாவது! பாட்டிலைக் கவிழ்த்தாள். கண்ணைத் துடைத்தாள். பக்கத்தைத் திருப்பினாள். பாவம், அண்ணன் இன்னும் வாசலிலேயே சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான். தலை துவட்ட அவனுக்கு ஒரு துண்டு கொடுக்க வேண்டியிருந்தது.