இடைக்கதவு

2024 பெப்ரவரி பத்தொன்பதாம் திகதி, திங்கட்கிழமை முற்பகல், கல்முனையில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் அறையில் சாய்ந்தமருது வீடொன்று கைமாறியது. வீடு, கிணறு, மதில், வான்பயிர் மரங்கள் எல்லாம் உட்பட என்று உறுதி வாசிக்கப்பட்டது. விற்றவர் கச்சிமுகம்மதின் மனைவி. வாங்கியவர் ஸம்றா.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு திறப்புகளோடு உள்ளே நுழைந்த ஸம்றா முதலில் அண்ணாந்துதான் பார்த்தாள். மின்விசிறிகள் இருந்த இடங்களில் கொக்கிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அது எதிர்பார்த்ததுதான், விசிறியை யாரும் விட்டுப்போவதில்லை. ஆனால் குளியலறையில் பளபளப்பான குழாய் இருந்த இடத்தில் மலிவான பிளாஸ்டிக் குழாய் பூட்டியிருந்தது. திரைச்சீலைக் கம்பிகளைக் கழற்றியவர்கள் ஆணிகளையும் பிடுங்கியிருந்தார்கள். வாசல் மணியின் பொத்தானைக்கூட விட்டுவைக்கவில்லை. அவசரத்தில் அள்ளிக்கொண்டு போனதல்ல. நின்று, நிதானமாக, ஒவ்வொன்றாகக் கழற்றியது. விலை பேசிய அன்று இதே ஆட்கள்தான் பலூடா கரைத்துக் கொடுத்து, ஸம்றாவின் மகள் நஸ்லா இந்த வீட்டில் நல்லா வாழவேண்டும் என்று துஆச் செய்தவர்கள்.

வீடு மகள் நஸ்லாவுக்கு. இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் குடிவருவான். இப்போது பேசியிருக்கும் நிந்தவூர் றிம்சான் கட்டாரில் வேலை செய்கிறான். அவனுடைய உம்மா வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். பேசிவந்த இரண்டு இடங்கள் வீடு சரியில்லை என்று ஏற்கெனவே விலகிப்போயிருந்தன. இதுவும் போனால் நஸ்லா வாய்திறந்து எதுவும் சொல்லமாட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அதுதான் ஸம்றாவுக்குப் பயம்.

கிணற்றடி மதிலில் ஒரு சின்னப் பலகைக் கதவு இருந்தது. அப்பால் சித்தி லைலா என்பவளின் வீடு. கச்சிமுகம்மதின் மனைவிக்கு அவள் கூடப்பிறந்த ராத்தா, மூத்தவள். இரண்டு பெண்பிள்ளைகள் உள்ள தாய் வளவை இரண்டாக்கி வீடு கட்டிக் கொடுத்து, பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வர மதிலில் ஒரு வழியும் விடுவாள். ஸம்றாவின் வீட்டுக்கும் அவளுடைய தங்கை வீட்டுக்கும் நடுவில் அப்படியொரு வழி உண்டு, அதற்குக் கதவே கிடையாது. ஆனால் அது தங்கை. இது ஆர், எவர்? அவள் கதவின் கொண்டியைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வந்தபோது கொண்டி விலகியிருந்தது. கிணற்றடி ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கொண்டியில் ஒரு வலைநூல் கட்டி, பலகையிலிருந்த துளை வழியே அந்தப் பக்கம் விட்டிருந்தார்கள். அங்கிருந்து இழுத்தால் இங்கே திறக்கும். கடையில் வாங்காத பூட்டு, யாருக்கும் சொல்லாத திறப்பு. நூலை அறுத்தெறிந்த வேகத்தில் கொண்டியை மாட்ட மறந்துபோனாள். புதன்கிழமை கிணற்றடியில் தண்ணீர் மோட்டரே இல்லை. நொத்தாரிசிடம் போகுமுன் தன் கையால் தட்டிப் பார்த்த மோட்டர்.

மதில் கதவைத் தட்டினாள். சித்தி லைலா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்தாள்.

"மோட்டர் எங்க ராத்தா?"

"எண்ட ஊட்டுல இரிக்கி. அது எண்ட காசுல வாங்கின, புள்ள. தங்கச்சி சொல்லல்லியா?"

"உறுதியில கிணறு எங்களுக்கு."

"கிணறு உங்களுக்குத்தான். ஆரு இல்லெண்ட? சுனாமியில கடல் வந்த நாளையில இருந்து எங்கட கிணறு உப்பு. ரெண்டு ஊடும் இந்தத் தண்ணியத்தான் குடிச்ச. வெள்ளாப்புல, விடியமுந்தி வந்து தொழ ஒளு எடுக்க ஒரு வாளி அள்ளுவன். இத மட்டும் மறிச்சிராதீங்க."

"சொல்லிட்டு வரலாமே. நூல் கட்டியா வாற?"

சித்தி லைலா பலகையிலிருந்த துளையைத் தொட்டாள். "அந்த நூல் எங்கட உம்மா கட்டின," என்றாள்.

ஸம்றா கச்சிமுகம்மதுக்குப் போன் எடுத்தாள். அவர் கொழும்பில் மகனோடு இருந்தார்.

"அந்த மோட்டரா? அது ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்ததுபோலதான் ஞாபகம். ராத்தாவோட கதைச்சு முடிச்சிக்கங்க." பிறகு லைனைத் துண்டித்துவிட்டார்.

ஒருத்தி தனது என்கிறாள், ஒருத்தர் பொது என்கிறார். மோட்டரை இழந்தவர்கள் நாளைக்குக் கிணற்றையும் இழப்பார்கள் என்று ஸம்றாவுக்குத் தோன்றியது. கணவர் ஷரிபுதீன் அவளுடைய சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்தார். "காலங்காலமாப் பாவிச்ச வழியெண்டு வழக்கு வெச்சுக் கோட்டுல போய் நிப்பா. அப்ப என்ன செய்ற?" வியாழக்கிழமை காலை மேசன் முர்ஷித் வந்து கதவைக் கழற்றி மதிலில் சாய்த்துவிட்டு, இடைவெளியைக் கல்வைத்து அடைத்துப் பூசினார். பின்னேரம் புது மோட்டரும் பூட்டியாயிற்று. மதிலுக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியும் ஸம்றாவுக்கு நம்பும்படியாக இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு றிம்சானின் உம்மா இரண்டு பெண்களோடு வந்தாள். அறைகளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், சமையலறைப் புகைக்கூட்டையும் எட்டிப் பார்த்தாள். குறை ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடிக்கு வந்து, சாய்த்துவைத்த கதவைப் பார்த்துவிட்டு மதிலின் முன் நின்றாள். புதுப்பூச்சில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"என்னகா இது, ஈரம் காயல்லியே?"

"கள்ளன் பயத்துக்கு..."

"கள்ளன் தெருவால வருவானா, பக்கத்து ஊட்டால வருவானா?" கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "எண்ட மகன் ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் வாற. உங்கட புள்ள இஞ்ச ஒத்தையில. ஒரு வருத்தம் வந்தா ஆரக் கூப்பிடுற? இந்தச் சுவத்தையா? வந்து நாலு நாளைக்குள்ள அயலோட கோவிச்சிக்கிட்ட ஊடு எங்களுக்கு வேணாம். வழியத் திறங்க, மறுகா கதைப்பம்."

இனிப்புக்கென்று பிளேட்டில் வைத்த வட்டிலப்பத்தை யாரும் தொடவில்லை. நஸ்லா அதை எடுத்துப்போய் மூடிவைத்தாள்.

சித்தி லைலாவின் முன்வாசலால் போய், வழியைத் திறக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஸம்றா சனிக்கிழமை முழுதும் நினைத்தாள். கேட்டால் குனிந்ததாகிவிடும், குனிந்தால் மோட்டரைப்பற்றி இனிக் கதைக்கமுடியாது. வழியைத் திறந்துவிட்டு அதன் வழியாகவே போவது நல்லது என்று பட்டது. சொந்தக்காரிபோலப் போகலாம், வெறுங்கையோடும் போகத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முர்ஷித் உளியோடு வந்தார். தான் வைத்த கற்களைத் தானே பெயர்ப்பதில் அவருக்கு வருத்தம் ஏதுமில்லை. ஸம்றா புதிதாக அவித்த வட்டிலப்பத்தைப் பிளேட்டில் ஏந்திக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். கழற்றிய கதவு இன்னும் மதிலில் சாய்ந்திருந்தது, துளையில் அறுந்த நூலின் ஒரு துண்டோடு. மேல்வரிசைக் கல் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. முர்ஷித் உளியை நிறுத்தி உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"என்ன?"

"அங்காலயும் கட்டியிரிக்காங்க," என்றார்.

கற்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசைக் கல் இருந்தது. அதன் காயாத சாந்து அவர் விரலில் ஒட்டியது.